செல்வியிடம் நீ சொல்லாதது

டெல்லியில் பிரதமரம்மாவைச் சுட்டுக் கொன்ற வருஷம் அது. ஆம்பூரில் கடை, பஸ், தோல் பதனிடும் ஷாப்பு எல்லாம் மூடிக் கிடந்தன. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை எடுக்க ஆளில்லாமல் தெருவே நாறியது. அந்த வாரத்தில்தான் உனக்கு வலி கண்டது. செல்வி பிறந்தாள்.

இன்று காலை நம் வீட்டில் நல்லெண்ணெயில் பூண்டு வதங்கும் வாசனை. செல்வி தன் மகளைப் பிரசவம் முடிந்து அழைத்து வந்திருக்கிறாள். உனக்குக் கொள்ளுப்பேரன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ பிள்ளை பெற்றுப் படுத்திருந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது. எனக்கு எழுத்து தெரியாது என்பதுதான் உனக்குத் தெரியுமே. நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டு டீச்சரம்மா எழுதுகிறார்.

நீ முழுகாமல் இருந்தபோதே என் அம்மா உனக்கு அரைவயிற்றுச் சோறுதான் போட்டாள். "ரொம்பத் துன்னாதம்மா. புள்ள பெருசாயிட்டா கத்தி வச்சிடுவாங்க" என்பாள். நீ என்னைப் பார்த்துச் சிரிப்பாய். "உங்கம்மா உள்ள இருக்கிறதையே இளைக்க வைக்கிறாங்க" என்பாய். அப்போது உனக்குச் சிரிப்பு இருந்தது.

பிறந்த பிறகு பத்தியம். புழுங்கலரிசிச் சோறு, வதக்கிய பூண்டு, மிளகு. கீரை ஆகாது, குழந்தைக்குப் பேதியாகும். முட்டை ஆகாது. பழம் குளிர்ச்சி. தண்ணீர் கேட்டால் வயிறு உப்பும் என்று நாக்கு நனைய ஒரு மடக்கு. நீ உதட்டை நக்கிக்கொண்டு படுத்திருப்பாய். முதலில் அழுதாய். பிறகு அழுகையும் நின்றுபோயிற்று. பிள்ளை வீறிடும். நீ சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாய்.

ஒருநாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது சொன்னாய்: "இத எங்கனா எடுத்துக்கினு போயிடுங்க. என் கையில வுடாதீங்க. நான் எதனா பண்ணிடுவேன்."

பக்கத்து வீட்டு ஜைனப் அக்காவுக்கு, ஆபா என்றுதான் கூப்பிடுவோம், அப்போது கைக்குழந்தை. செல்வியை வாங்கிப் போய்ப் பால் கொடுத்தாள். அம்மா, காத்து கருப்பு பட்டிருக்கிறது என்று தாயத்துக்கு ஆளைத் தேடினாள். ஆபா வாசலில் நின்று சொன்னாள்: "தாயத்து கட்டுங்க, நான் வேணாங்கல. ஆனா வேலூரு ஆஸ்பத்திரிக்கும் இட்டுனு போங்க. நான் புள்ளைய தூக்கினு கூட வர்றேன்."

போனோம். நீ, நான், அம்மா, ஆபா மடியில் செல்வி. டாக்டரம்மா உன் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு என்னம்மா சாப்பிட்ட?" என்று கேட்டார். அம்மாதான் பெருமையாகப் பத்தியத்தை ஒப்பித்தாள். "நானும் இப்டித்தான் எட்டு பெத்தேன்."

"எட்டுல எத்தனை இருக்கு?"

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "மூணு."

உடம்பில் ரத்தமே இல்லை, மனசும் நோயில் விழுந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. மாத்திரை எழுதினார். அது வேலை செய்யணும்னா வயிற்றுக்குச் சாப்பாடு போகணும், தண்ணீர் கேட்கிறபோதெல்லாம் கொடுக்கணும் என்றார். திரும்பும்போது பஸ்ஸில் அம்மா என் காதருகே பேசினாள். நீ ஜன்னலில் தலை சாய்த்திருந்தாய், கேட்டிருக்க மாட்டாய்.

"நானும் அழுதேன்டா. ஒவ்வொரு புள்ளைக்கும். பொம்பளன்னா அப்டித்தான்னு நெனச்சிக்கினேன். யாரும் இன்னான்னு கேக்கல."

மறுநாளிலிருந்து ஈரலும் முருங்கைக்கீரையும் முட்டையும் ஆக்கி அவளேதான் உனக்கு ஊட்டினாள். மெல்ல மெல்லத் தேறினாய். ஆனால் அதற்குள் மாசங்கள் ஓடிவிட்டன. நீயாகக் கை நீட்டிச் செல்வியைத் தூக்கிய நாளில் அவளுக்கு உன்னைத் தெரியவில்லை. ஆபா வேண்டும் என்று கத்தித் திமிறினாள். நீ அவளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கூலிக்குத் தைக்க வாங்கி வந்திருந்த ஷூவின் மேல்தோல் அப்பரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாய். அந்தக் கை அதற்குப் பிறகு அவளிடம் தயங்கித் தயங்கித்தான் போயிற்று.

செல்வி வளர்ந்த பிறகு தெருவில் யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள்: "பொட்டப்புள்ளன்னு உங்கம்மா உன்னத் தொடவே இல்ல, தெரியுமா?" அவள் உன்னிடம் வந்து கேட்டாள். நீ குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாய். அப்புறம் என்னிடம், "சொல்லிடாதீங்க. பைத்தியக்காரி பொண்ணும்பாங்க. அவளுக்கு மாப்பிள்ள வராது" என்றாய். கல்யாணம் முடிந்தது, பேத்தி பிறந்தாள், அப்போதும் நீ சொல்லவில்லை. போன வருஷம் உன்னைப் பாடையில் தூக்கியபோது செல்வி கண்ணில் ஒரு சொட்டு இல்லை. ஊரே பார்த்தது.

இன்று பேத்தி தட்டைத் தொடாமல் படுத்திருந்தாள். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"பத்தியம் வேணாம் செல்வி. கீரை ஆக்கு."

"இன்னாப்பா, பொம்பளைங்க விஷயத்துல நீ வந்துக்கினு."

சொல்லிவிட்டேன். உன் பேச்சை மீறித்தான் சொன்னேன். அவள் கரண்டியைப் பிடித்தபடியே கேட்டாள். கடைசியில், "அப்ப அம்மா என்ன வேணாம்னு நெனைக்கலியா?" என்றாள். நாற்பது வயது தாண்டியவள் கேட்கிற குரலாக இல்லை அது.

"உன்னக் காப்பாத்தத்தாம்மா உன்ன எடுத்துக்கினு போகச் சொன்னா."

அடுப்பங்கரைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். உனக்காக அழுதாள். கேட்க நீதான் இல்லை. எழுந்து முகம் கழுவி, அடுப்பை அணைத்துவிட்டு, கீரைக்குக் கடைக்குப் போனாள்.

"என் கையில வுடாதீங்க" என்று நீ சொன்ன குரல் இன்னும் எனக்குள்ளேதான் இருக்கிறது. அதை மட்டும் செல்வியிடம் சொல்லவில்லை, அது என்னோடு போகட்டும். வேலூர் பஸ்ஸில் அன்று போனவர்களில் முதலில் அம்மா போனாள். கொரோனாவில் ஜைனப் ஆபா போனாள். பிறகு நீ. நான் கிளம்பி நிற்கிறவன், கணக்கில் வேண்டாம். மிச்சம் இருப்பது செல்வி.