கழுவாத செங்கல்

தாம்பரம் மார்க்கெட் பக்கத்து மீன்தொட்டிக் கடையில் நேற்று வெகுநேரம் நின்றிருந்தேன். என் தொட்டியின் ஃபில்டருக்குள் போடப் புதிதாக ஏதாவது வேண்டும் என்று கேட்டதற்குக் கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் பரப்பினார். வெள்ளை செராமிக் வளையங்கள், முள்ளுமுள்ளாய்ப் பிளாஸ்டிக் பந்துகள், கறுப்புப் பஞ்சு, எரிமலைக் கல் என்று ஒரு பை. "பெரிய தொட்டின்னா இதான் மேடம் முக்கியம். உள்ள எவ்ளோ ஓட்டை கீதோ அவ்ளோ பாக்டீரியா வந்து உக்காரும்" என்றார். சொல்லிவிட்டு ஒரு வளையத்தைத் தண்ணீர் டம்ளரில் போட்டுக் காட்டினார். அது பொடிப்பொடியாகக் குமிழி விட்டுக்கொண்டே மூழ்கியது. எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. பாவம், அந்த மனுஷன் விலை அதிகம் என்று நான் வருத்தப்படுவதாக நினைத்துக்கொண்டார்.

சிட்லபாக்கத்தில் உன் வீட்டுக் கிணற்றடி. எழுபதுகளின் ஆரம்பம். ஒரே பள்ளிக்கூடத்தில் நீ உயிரியல் டீச்சர், நான் கணக்கு டீச்சர். இரும்புச் சட்டம் அடித்து, கண்ணாடி பதித்து, கட்டில் நீளத்துக்கு ஒரு தொட்டி செய்து வாங்கியிருந்தாய். அதைப் பார்த்து உன் அம்மா கேட்டது நினைவிருக்கிறதா? "இது மீனுக்கா, இல்ல நீ படுத்துக்கவா?"

"மீன் போடற கழிவே அதுக்கு விஷம்டி. அந்த விஷத்தைத் தின்னு உயிர் வாழற கிருமி இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. அதுங்களுக்கு ஒரு வீடு கட்டிக் குடுக்கணும்" என்றாய்.

"வாடகை தருமா?" என்றேன். அன்றிலிருந்து அவர்களுக்குக் குடித்தனக்காரர்கள் என்று பெயர்.

வீடு தேடுவதற்குள் நீ என்னைப் படுத்தின பாடு! பல்லாவரத்துக் கருங்கல் ஜல்லி கொண்டுவந்தோம். வழுவழுவென்று இருக்கிறது, யாரும் தங்கமாட்டார்கள் என்று ஒதுக்கினாய். கிளிஞ்சலின்மேல் எலுமிச்சம்பழம் பிழிந்து நுரைப்பதைக் காட்டி, இது கரைந்து தண்ணீரைக் கெடுக்கும் என்றாய். தேங்காய் நார் தண்ணீரைக் காப்பி நிறமாக்கியது. கரி நொறுங்கிப் போனது. கடைசியில், வீடு கட்டி மிஞ்சிக் கிடந்த செங்கல் ஒன்றை உடைத்து வாளியில் போட்டாய். 'உஸ்' என்று சத்தம் போட்டுக் குமிழி விட்டது. கிணற்றடி முழுக்க மழை பெய்த மண் வாசனை. "கேட்டியா? எத்தனை ரூம் இருக்கு பார் உள்ளே!" என்று குதித்தாய். நன்றாக வெந்த கல்லாகப் பொறுக்கி, சின்னச் சின்னதாக உடைத்து, தொட்டியின் மூலையில் இருந்த கண்ணாடிப் பெட்டியில் நிரப்பினோம். காற்றுக்குழாய் தண்ணீரை இழுத்து அதன் வழியாக அனுப்பிக்கொண்டே இருந்தது. குடித்தனக்காரர்கள் வந்துசேரச் சில வாரங்கள் ஆயின. அதன்பிறகு உன் ஏஞ்சல் மீன்களும் கோராமிகளும் ராஜா மாதிரி இருந்தன.

பிறகு அந்தக் கிறிஸ்துமஸ் வந்தது. உங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் முதலில் சுத்தம்தான். வெள்ளையடிப்பது, திரைச்சீலை துவைப்பது, பரணில் இருக்கும் பாத்திரம்கூடக் கீழே இறங்கிக் குளித்துவிட்டுத்தான் மேலே போகும். நாம் பள்ளிக்கூடத்தில் பரீட்சைப் பேப்பர் திருத்திவிட்டு வந்து சேர்ந்தபோது, உன் அம்மா அந்தச் செங்கல் துண்டுகளைச் சலவைச் சோடா போட்டு அண்டாவில் கொதிக்கவைத்து, தேய்த்து அலசி, மொட்டை மாடியில் வடகம் மாதிரி பரப்பியிருந்தார்.

"எவ்ளோ அழுக்கு, வழவழன்னு! இயேசு பொறக்கற வீட்ல இதை வெச்சிப்பாங்களா? இப்ப பாரு, புதுசு மாதிரி இருக்கு" என்றார். கைவிரல் எல்லாம் சோடாவில் வெந்து சிவந்திருந்தன.

நீ ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தாய். "ஆமாம்மா, புதுசு மாதிரி இருக்கு" என்றாய். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, "எல்லாரும் காலிடி" என்றாய்.

பண்டிகை நெருங்க நெருங்க மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள் சிவந்துபோயிற்று. கிணற்றிலிருந்து வாளி வாளியாக இறைத்துப் பாதித் தண்ணீரை மாற்றுவோம். மறுபடியும் அப்படியே ஆகும். நமக்குக் காரணம் தெரியும், மருந்தும் தெரியும். புதுக் குடித்தனக்காரர்கள் வரும்வரை காத்திருப்பதுதான் அந்த மருந்து. மீன்களால் காத்திருக்க முடியவில்லை. கூடத்தில் சொந்தக்காரர்கள் கேக் சாப்பிட்டுக்கொண்டிருக்க, நீ புதுப்புடவையோடு செத்த ஏஞ்சல் மீன்களை முந்தானையில் மறைத்து எடுத்துப்போய்த் தென்னை மரத்தடியில் புதைத்தாய். கோராமி ஒன்று மட்டும் பிழைத்தது.

"நான் கழுவினதாலயா?" என்று உன் அம்மா கேட்டார்.

"இல்லம்மா. பனி ஒத்துக்கல" என்றாய். நீ பொய் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு தொட்டி பழையபடி ஆனது. புது மீன்களும் வந்தன. ஆனால் சில வருஷத்தில் உன் முகம் காலையில் உப்ப ஆரம்பித்தது. தூக்கம் போதவில்லை என்றாய். மாடிப்படி ஏறி வகுப்புக்குப் போகமுடியாமல் நடுவில் உட்கார்ந்துவிட்டாய். நானும் நீயும் மின்சார ரயில் ஏறிப் பட்டணத்துப் பெரிய டாக்டரிடம் போனோம். "கிட்னி ரெண்டும் வேலை செய்யலைம்மா. கழிவு ரத்தத்துலயே தங்கிடுது" என்றார். நீ தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாய், யாரோ ஒரு மாணவி ஒப்பித்ததைக் கேட்பது மாதிரி.

திரும்பும் வழியில் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, "என் செங்கல்லை யாருடி கழுவினது?" என்றாய். நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு பாதியில் எப்படி அழுகையானது என்று எனக்கே தெரியவில்லை. ரயில் வந்து நின்று கிளம்பிப்போனது. நாம் ஏறவில்லை.

ரத்தத்தைச் சுத்தம் செய்ய மெஷின் உண்டு என்றார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அது கிடைக்கும் காலமாக அது இல்லை. உப்பு கூடாது, பருப்பு கூடாது, தண்ணீர்கூட அளந்துதான். கட்டில் நீளத் தொட்டியின் முன்னால் அந்த ஒரு டம்ளரை வைத்துக்கொண்டு நாக்கை மட்டும் நனைப்பாய். நான் உன் மீன்களுக்கு வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றுவேன். உனக்குச் செய்ய என்னிடம் ஒன்றும் இல்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது, டாக்டர்மேல், உன் கடவுள்மேல், பிழைத்துக் கிடந்த அந்தக் கோராமியின்மேல்கூட.

கடைசி வாரத்தில் உன் அம்மா என்னைச் சமையலறைக்கு அழைத்தார். "மீன் பனியில சாகலன்னு அப்பவே எனக்குத் தெரியும். அவ மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு நம்பின மாதிரி இருந்துட்டேன். இப்ப சொல்லு, இதுவும் நான் எதாவது பண்ணதா? சின்ன வயசுல தப்பா எதாவது குடுத்துட்டேனா?"

"இல்லம்மா, சத்தியமா இல்ல" என்றேன். அது உண்மைதான். ஆனால் அவர் பார்த்த பார்வையில், அதுவும் பனிக் கதைதான் என்று எடுத்துக்கொண்டார் என்பது தெரிந்தது. கையைப் பிடித்துக்கொண்டு நின்றேனே தவிர அவரை நம்பவைக்க எனக்குத் தெரியவில்லை.

உன்னை அடக்கம் செய்தபிறகு தொட்டியை எனக்குக் கொடுத்தார். "நீ எடுத்துட்டுப் போம்மா. இங்க இருந்தா நான் கழுவிடுவேன்." செங்கல் துண்டுகளை அந்தத் தொட்டித் தண்ணீரோடு வாளியில் அள்ளி, ஈரத்துணி போட்டு மூடி, ரிக்ஷாவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ வீடு மாறினேன். தொட்டிகளும் மாறின. அந்தத் துண்டுகள் மட்டும் ஒவ்வொரு புதுத் தொட்டிக்கும் ஈரம் காயாமல் போய்ச்சேர்ந்தன.

இப்போது அவை கரைய ஆரம்பித்துவிட்டன. தொட்டால் விரலில் சிவப்பாக ஒட்டுகிறது. அதனால்தான் கடைக்குப் போனேன். "பழசைத் தூக்கிப் போட்டுட்டு ஃபில்டரை நல்லா கழுவிட்டு இதைப் போடுங்க மேடம்" என்றார் கடைக்காரர். தலையாட்டிவிட்டு வளையங்களை வாங்கிவந்தேன். அவற்றையும் உன் செங்கல்லையும் ஒரே வலைப்பையில் கட்டிப் போட்டிருக்கிறேன். மெதுவாகப் பக்கத்து வீட்டுக்குக் குடிபோகட்டும்.

உன்னை என்னால் ஒரு நாள்கூடக் கூடுதலாக வைத்துக்கொள்ள முடியவில்லை. உன் குடித்தனக்காரர்கள் மட்டும் இன்னும் காலி செய்யவில்லை.