கையெழுத்துக்குப் பிறகு கேட்ட நிபந்தனை

12 மார்ச் 1979, திங்கள்.

நான் ஓய்வுபெற்ற பின் பெண் ஆசிரியர் எவரையும் அமர்த்தாத கல்லூரி, விசாரணைக் குழுவுக்கு ஒரு பெண் வேண்டுமென்று என்னையே அழைத்திருந்தது. வேதியியல் ஆசிரியர் ஆய்வகத்தில் தன்னைத் தொடக்கூடாத இடத்தில் தொட்டதாக எழுதிக் கொடுத்தவள் வசந்தி. குடியாத்தத்தில் கைலி நெய்யும் குடும்பத்துப் பெண். நாங்கள் கூடுமுன்பே அறிக்கை தட்டச்சாகியிருந்தது. நடந்ததற்கு அதில் பெயர் "தவறான புரிதல்".

கல்லூரி முதல்வர் பேனாவைத் திறந்தே நீட்டினார். "பொண்ணே வாபஸ் வாங்கிடுச்சு மேடம். நமக்கு எதுக்கு பேஜாரு?"

வெளியே காத்திருந்த வசந்தியிடம் போய், கையெழுத்திடலாமா என்று கேட்டேன்.

"போட்டுடுங்க மேடம். நைனா காதுல விழுந்தா படிப்ப நிறுத்திட்டு மாப்பிள்ளை பாத்துடுவாரு. அந்த சாருக்கு இன்னா, வேலைக்கு வந்துனுதான் இருப்பாரு."

அவள் சொன்னதை அப்படியே ஏற்று உள்ளே திரும்பினேன். இத்தனைக்கும் முப்பது ஆண்டுகள் தர்க்கம் கற்பித்தவள்.

கையெழுத்திட்டேன். பிறகுதான் கேட்டேன்: வியாழனன்று செய்முறைத் தேர்வு, மதிப்பெண் போடுகிறவர் அதே ஆசிரியர், அவளுக்கு மட்டுமாவது வேறொருவரை நியமியுங்கள்.

முதல்வர் சிரிக்கக்கூட இல்லை. "தப்பு எதுவும் நடக்கலன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுட்டீங்களே மேடம். இப்ப என்ன காரணம் சொல்லி மாத்துறது?"

வசந்தி எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினாள். முதல்வர் மறுத்ததை அவளிடம் சொல்லவில்லை. வியாழனன்று ஆய்வக வாசலில் போய் நான் உட்காரலாம். அந்த ஆசிரியர் உள்ளிருந்து கதவைச் சாத்தினால், எந்த முகத்தோடு அதைத் தட்டுவேன்?