மொக்கையன் வீட்டுப் பாப்பா

கோச்சடை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு, அன்னக்கொடி எழுதுவது. நான் இங்கே ஏதோ இருக்கிறேன். அங்கே உங்கள் உடம்பும் தொண்டையும் நன்றாக இருக்க வேண்டும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீங்கள் சிரிக்க வைத்துவிடுகிறீர்கள். மீதி உள்ளேயே நின்றுபோகிறது.

திங்கட்கிழமை நம் 'மொக்கையன் வீடு' டிவியில் வந்தது. மாடிவீட்டு ராமக்காள் மதினியும் எதிர்வீட்டுக்காரர்களும் நம் வீட்டில்தான் உட்கார்ந்து பார்த்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மொக்கையனாக நீங்கள் வந்து நின்றதும் கைதட்டினார்கள். ரேடியோவில் இத்தனை வருஷம் நாம் இரண்டு பேரும் வெறும் குரலால் கட்டிய வீட்டுக்கு அங்கே சுவரும் சன்னலும் வைத்துவிட்டார்கள். உங்களுக்குப் பெண்டாட்டியாக வரும் அந்தப் பெண் சரண்யாதேவி லட்சணமாக இருக்கிறாள். டிவிக்கு என் முகம் சரிப்படாது என்று அவர்கள் சொன்னபோது நான் அழவில்லை. "நீங்க போங்க மாமா, நம்ம நாடகம் ஊரெல்லாம் தெரியட்டும்" என்று மாட்டுத்தாவணியில் சென்னை பஸ் ஏற்றிவிட்டவள் நான்தான்.

ஆனால் பாப்பாவை நாடகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லையே.

பிறந்த அன்றே போய்விட்ட நம் பிள்ளைக்கு நாம் பேர்கூட வைக்கவில்லை. அடுத்த வருஷம் ரேடியோவில் நாடகம் தொடங்கியபோது, மொக்கையனுக்கு ஒரு மகள் வேண்டும் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். ஜெயக்கொடி என்று பேர் வைத்ததும் நீங்கள்தான். அம்மாவும் நான், மகளும் நான். குரலை மாற்றி மாற்றிப் பேசினேன். அவளுக்குப் பல் விழுந்தது, பள்ளிக்கூடம் போனது, உங்கள் சட்டைப்பையில் ஓணானை விட்டது எல்லாம் அந்த ஒலிப்பதிவு அறைக்குள்தான் நடந்தது. பூ வாங்கப் போனால், "அக்கா, பாப்பா சேட்டை கொஞ்சமாச்சும் கொறஞ்சிருக்கா?" என்று கேட்பார்கள். "எங்க கொறையுது!" என்று நானும் சலித்துக்கொண்டு வருவேன்.

டிவியில் மொக்கையனுக்குப் பிள்ளையே இல்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்து, "கல்யாணமாகி இம்புட்டு வருசமாச்சு, விசேசம் ஒன்னுமில்லையா?" என்று கேட்கிறாள். நீங்கள் தொந்தியைத் தடவிக்கொண்டு, "எனக்குத்தான் ஆறு மாசம்" என்கிறீர்கள். டிவிக்குள் சிரிப்புச் சத்தம் போட்டார்கள். இங்கே யாரும் சிரிக்கவில்லை. மதினி எழுந்து, "அடுப்புல பால வச்சிட்டு வந்துட்டேன்" என்று போய்விட்டார்கள். ஒவ்வொருவராக எல்லோரும் போனார்கள்.

அந்த வசனம் நீங்கள் எழுதியதில்லை என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லும்போது நீங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டீர்கள், மாமா.

நேற்று ரேடியோ நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். நாடகத்தை முடித்துவைக்க நான் மட்டும் வந்து பேசினால் போதும் என்றார்கள். மொக்கையன் குடும்பம் சென்னைக்குப் போகிறது, நேயர்களுக்கு நன்றி என்று எழுதி வைத்திருந்தார்கள். அதை ஒழுங்காகத்தான் படித்தேன். முடிக்கிற நேரத்தில் பாப்பாவின் குரல் தானாக வந்துவிட்டது. "அம்மா, அப்பா என்னைய மட்டும் ஏன் விட்டுட்டுப் போறாரு?"

அடுத்து அம்மா பேச வேண்டும். எப்போதும் எனக்குச் சட்டென்று பதில் வரும். நேற்று வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதிவு செய்துகொண்டிருந்த மலையாண்டி அண்ணன் எழுந்து உள்ளே வந்து, "வீட்டுக்குப் போ தாயி. கடைசியில வந்தத நான் வெட்டிர்றேன்" என்றார். வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவளுடைய கடைசிப் பேச்சு அது. ஞாயிற்றுக்கிழமை அப்படியே போடுகிறார்கள்.

உங்களைத் திரும்பி வரச் சொல்லி இதை எழுதவில்லை. இந்த நாளுக்காக நீங்கள் எம்புட்டுப் பாடுபட்டீர்கள் என்று எனக்குத் தெரியாதா? டிவியில் பாப்பாவைக் கொண்டுவரும்படி யாரிடமும் போய்க் கேட்கவும் வேண்டாம். வேளைக்குச் சாப்பிடுங்கள். நாடகம் நன்றாக ஓடட்டும்.

சூட்டிங் இல்லாத ஒரு நாள் மட்டும் வந்துவிட்டுப் போங்கள். அவள் கேட்டதற்கு என்ன சொல்வது என்று நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுவோம். எனக்குத் தனியாகச் சொல்லத் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஜெயக்கொடியின் அம்மா,
அன்னக்கொடி