இருபத்தொன்றாம் குறி

செவ்வாய் கிரகம், நாள் 412. 08:40
பதிவு: தெய்வானை, நிலவியலாளர். தளத்திலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் தெற்கே, பள்ளத்தாக்கில் பாறை மாதிரி எடுக்கிறேன். வண்டிக்கு வயது இருபத்திரண்டு. என்ஜின் எரிவதும், நான் மூச்சுவிடுவதும், என் விண்வெளி உடையில் காற்று நிரப்புவதும் ஒரே ஆக்சிஜன் தொட்டியிலிருந்து. என்ஜின் எச்சரிக்கை விளக்கு மஞ்சளாக எரிகிறது. மற்றபடி எல்லாம் சரி.

09:15
தளத்தில் என்னைத் தவிர இருப்பவன் மெக்கானிக் சூசை மட்டுமே. எது பழுது என்று விளக்கே மினுக்கிக் காட்ட, ரேடியோவில் அவன் சொன்னபடி இரண்டு முனைகளை ஒயரால் இணைத்தேன். விளக்கு இரண்டு முறை மினுக்கி, நின்று, ஒரு முறை மினுக்கியது. பழுதுக் குறி 21: ஆக்சிஜன் சென்சார்.
"அந்தச் சென்சாருக்கு வேற வேலை இல்லக்கா. தொடச்சுப் போட்டுட்டு வண்டிய எடுங்க."

10:20
துடைத்தேன். விளக்கு அணைந்தது. தளத்துக்குத் திரும்புகிறேன்.

11:05
மீண்டும் எரிகிறது. என்ஜின் இருமி நின்றுவிட்டது. காலையில் தொட்டி எண்பது சதவீதம். இப்போது இருபத்தாறு.

11:40
வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். என்ஜினுக்குப் போகும் ஆக்சிஜன் குழாய் வளைவில் விரல் நீளத்துக்குப் பிளந்திருக்கிறது. சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. ஒட்டுப்பட்டை சுற்றினேன், அழுத்தத்தில் பிய்ந்து போனது. குழாயின் வால்வை மூடிவிட்டேன். கசிவு நின்றது. இனி வண்டி ஓடாது.

12:00
"அங்கயே இருங்கக்கா, ரெண்டாவது வண்டிய எடுத்துட்டு வாறேன்."
அதுவும் இதே வயது வண்டி. முதலில் குழாயைப் பார்க்கச் சொன்னேன். திட்டிக்கொண்டே போனான். திரும்பி வந்த குரல் வேறாக இருந்தது.
"அக்கா... இதுலயும் விரிசல் இருக்கு. பரவால்ல, மெதுவா ஓட்டிட்டு வந்துருதேன்."
"வேண்டாம் சூசை. பாதி வழியில நீயும் நின்னுடுவே. புதுக் குழாய் போட எவ்வளவு நேரம் ஆகும்?"
"நாலு மணி நேரம். அப்புறம் மூணு மணி நேரம் ஓட்டணும். உங்ககிட்ட காத்து எவ்வளவு இருக்கு?"
"எட்டரை மணி நேரம்" என்றேன்.
"அப்ப சரிக்கா. குழாய மாத்திட்டே வாறேன்."

14:30
கதவோரம் உட்கார்ந்திருக்கிறேன். அசையாமல் இருந்தால் காற்று கொஞ்சம் மிச்சமாகும். கண்ணாடிக்கு வெளியே பாறைச் சுவர், அதற்குப் பின்னால் இன்னொரு பாறைச் சுவர். கத்த வேண்டும்போல் இருக்கிறது. கத்தினால் காற்று செலவாகும்.

16:05
"கெளம்பிட்டேன்க்கா! எதுவும் கசியல. தூங்கிராதீங்க, பேசிக்கிட்டே இருங்க."
பேட்டரி குறைவு, இனிப் பேச மாட்டேன் என்று சொல்லி ரேடியோவை அணைத்தேன். என் மூச்சு வாங்குவது அவனுக்குக் கேட்டுவிடும்.

16:45
தலை வலி. எழுத்து கோணுகிறது.
இதைப் படிப்பவர் அனேகமாகச் சூசைதான். தம்பி, பன்னிரண்டு மணிக்கு என்னிடம் இருந்தது ஐந்து மணி நேரக் காற்று. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தக் குழாயோடு கிளம்பியிருப்பாய். அடுத்த விண்கப்பல் வர இரண்டு மாதம். அதுவரை தளத்தில் ஒருவராவது

16:58
உன் மேல் தப்பு இல்லை. சென்சாரைத் துடைத்தது நான். வண்டியை எடுத்ததும்

கதவை மெதுவாகத் திற. நான் அதில்தான் சாய்ந்து