செருப்புக் கடைக்கு வெறுங்காலோடு வரவும்

12.3.84 திங்கள்

நான் செருப்புக் கடை வைத்திருக்கும் கட்டடத்துக்குள் இன்று முதல் யாரும் செருப்போடு வரக் கூடாது என்று கட்டடக்காரர் தங்கையன் வாசலில் பலகை மாட்டிவிட்டார்.

எழுதிவிட்டு மறுபடி படித்துப் பார்க்கிறேன். ஆமாம், அப்படித்தான் நடந்தது.

பஸ் ஸ்டாண்டு ஓரம் சாக்கு விரித்து ரப்பர் செருப்பு விற்று முன்னுக்கு வந்தவன் நான். பெரிய கடைவீதியில் ஓடிக்கொண்டிருந்த கடையை மூடி, கையில் இருந்ததையெல்லாம் அட்வான்ஸாகக் கட்டி, புத்தூரில் புதிதாக வந்த இந்தக் காம்ப்ளெக்ஸுக்கு வந்தேன். தரை முழுக்க மொசைக், முகம் தெரிகிற பளபளப்பு. பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிற கிராமத்து ஜனங்கள் இங்கேயும் எட்டிப் பார்ப்பார்கள். திறந்த நாளிலிருந்து அவர்களே வாசலில் கழற்றிப் போட்டார்கள். பளபளத்த தரையைக் கண்டால் நம் ஜனங்களுக்குக் கால் கூசும். தங்கையன் அதையே சட்டமாக்கிவிட்டார்.

"தரை பாழாகுதுங்க அமிர்தராஜ்."

"நான் விக்கிறதே செருப்புங்க!"

"விக்க வேணாம்னா சொன்னேன்? உள்ள போட வேணாம்னுதானே சொன்னேன்."

என்ன மனுஷன் இவர்!

14.3.84

போணிகூட ஆகவில்லை. பக்கத்து வளையல் கடை ஜஹானாரா, "அண்ணே, பேசாம தொப்பி வித்துப் பாருங்க" என்கிறாள். அவளுக்குச் சிரிப்பு. எனக்கு?

17.3.84 சனி

மணப்பாறைப் பக்கத்து அம்மா ஒருவர் ஒரு ஜோடி வாங்கினார். போட்டுக்கொண்டே கடையை விட்டு இறங்கினார். வாட்ச்மேன் பிச்சமுத்து ஓடி வந்தான்.

"ஏம்மா, கழட்டு, கழட்டு!"

"இங்கதான்யா வாங்கினேன்!"

"வாங்கினா கையில தூக்கிட்டுப் போ."

என் கடை வாசலில்! அந்த அம்மா செருப்பை என் மேசையில் வைத்துவிட்டு, "காசைக் குடுங்க, நான் போறேன்" என்றார். கொடுத்தேன். வேறென்ன செய்ய?

தங்கையனிடம் போய்க் கத்தினேன். பலகையை எடுங்கள், இல்லை அட்வான்ஸைத் திருப்புங்கள். "மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்று காபி வரவழைத்தார். குடிக்காமல் வந்துவிட்டேன். இப்படியே போனால் தீபாவளிக்குள் மறுபடி சாக்குதான்.

18.3.84

மாதா கோயில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மனம் நிற்கவில்லை.

20.3.84 செவ்வாய்

கடையைத் திறக்காமல் காம்ப்ளெக்ஸ் வாசலில் நின்றேன். வருகிறவர்களை "கழட்டாதீங்க, அப்படியே வாங்க" என்று அழைக்கத்தான் நின்றேன். ஒருவரும் கேட்கவில்லை. "சேச்சே, அழுக்காயிடும்" என்று எனக்கே புத்தி சொல்கிறார்கள்!

நின்றதில் வேறொன்றைப் பார்த்தேன். வாசலில் குவிந்து கிடப்பதில் பாதி, வார் அறுந்து ஊக்குக் குத்தியது, குதிகால் தேய்ந்தது. திரும்பி வருகிறவர்கள் ஊரார் செருப்புகளுக்கு நடுவே தங்களுடையதைத் தேடும்போது முகம் சுருங்குகிறது. வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர், யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுத் தன்னுடையதைக் காலாலேயே ஓரம் தள்ளி மாட்டினார்.

அந்த நிமிஷத்தில் பக்கத்தில் புதுச் செருப்பு தொங்கினால்? எட்டு நாளாக உள்ளே உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேனே, நானெல்லாம் ஒரு வியாபாரி!

23.3.84 வெள்ளி

தங்கையனோடு முடித்தாயிற்று. இதுவரை நடந்ததற்கு ஒரு வருத்தம்கூடச் சொல்லவில்லை அந்த மனுஷன். கடைசி ஷரத்தைக் கேட்டபோது மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

உள் கடையை நான் விட்டுவிடுவது. வாசலை ஒட்டி, மாடிப்படிக்குக் கீழே சிமெண்டுத் தரை இடம் எனக்கு. வாடகை பாதி. கட்டிய அட்வான்ஸே போதும். கழற்றிப் போடும் செருப்புகளுக்குக் காவல் என் பொறுப்பு, இலவசம். ஐந்து வருஷம். அதுவரை அந்தப் பலகையை அவர் எடுக்கக் கூடாது.