பின்சீட்டில் பிரேக் இல்லை

அக்கா,

உன் ஹெல்மெட்டை இன்று ஆணியிலிருந்து எடுத்தேன். உள்ளே இன்னும் உன் சீயக்காய் வாசனை இருக்கிறது. மாட்டிக்கொள்ளத் தைரியம் வரவில்லை, மடியில் வைத்துக்கொண்டேன்.

காய்ச்சலில் நீ போன பிறகு, இதையும் உன் ஸ்கூட்டரையும் போனையும் உன் அம்மா என்னிடம்தான் தந்தார்கள். "நீயாச்சும் கிளாஸ் எடு. இந்த மாசத்துக்குள்ள யாரும் வரலன்னா வண்டிய வித்துடலாம்" என்றார்கள். போன மாதம் எனக்கு லைசென்ஸ் வந்தது. காட்டுவதற்கு நீ இல்லை.

போன் அடித்தால் எடுக்கவே பயம். ஒன்பதாவதோடு நின்றவள் நான். கடையில் மீதிச் சில்லறை கேட்கக்கூட வாய் வராது. நம் ஸ்கூட்டர் வகுப்பில் பேசுவதெல்லாம் நீ. பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடுவது மட்டும்தான் நான்.

முதலில் எல்லோரையும் சேர்த்தோம். கோவில்பதாகையில், மனை போட்டு இன்னும் வீடு வராத, நாம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் அந்தத் தெருவுக்கு ஒருவர் மனைவியைக் கூட்டிவந்து, ஓரமாக நின்று கத்திக்கொண்டே இருந்தார். பதற்றத்தில் அவள் ஆக்ஸிலேட்டரைத் திருகி மண்ணில் விழுந்தாள். அவர் சிரித்தார். அவள் பிறகு வரவே இல்லை.

அன்று வீடு திரும்பும்போது நீ சொன்னாய்: "எத்தினி நாள்ல கத்துக்கலாம்னு கேக்குறவ எங்க போனாலும் கத்துக்குவா. அங்க யாருனா பாப்பாங்களான்னு கேக்குறா பாரு, அவதான் நம்ம ஆளு. நீயும் மொத நாளு அத்தத்தான கேட்ட?"

மறுநாளே போர்டில் 'ஓட்டப் பயப்படும் பெண்களுக்கு மட்டும்' என்று எழுதிவிட்டாய். "போர்ட பாத்தா எனக்கே பயமா கீதும்மா, என்னியும் சேத்துக்கோ" என்று டீக்கடை அண்ணன் கிண்டல் செய்தார். ஆனால் அதற்குப் பிறகுதான் நிறைய பேர் வந்தார்கள்.

உனக்குப் பயமே இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். "பின்னாடி குந்திகினு வர்றவளுக்குதான் பயம் ஜாஸ்தி. கையில பிரேக் இல்ல பாரு" என்றாய். விளையாட்டாகச் சொல்கிறாய் என்று நினைத்தேன்.

நேற்று ஒருவர் பேசினார். நான்கு நாளில் மனைவி ஓட்ட வேண்டுமாம், தானும் கூடவே வந்து நிற்பாராம். கடைசியில், அவர் மனைவியே என்னிடம் பேசட்டும் என்று மட்டும் சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார். வந்த ஒருவரையும் விரட்டிவிட்டேனே, வண்டி போய்விடுமே என்று இரவெல்லாம் தூக்கமில்லை.

இன்று மதியம் மறுபடியும் போன் அடித்தது. முதலில் குக்கர் விசில் மட்டும் கேட்டது. பிறகு மெல்லிய குரலில் ஒரு பெண், "அந்தத் தெருவுல ஆளுங்க நிப்பாங்களா?"

"நிக்க மாட்டாங்கக்கா" என்றேன். என் குரல் அவளுடையதைவிடச் சின்னதாக இருந்தது.

நாளை காலை வருகிறாள். ஹெல்மெட்டை அவளுக்குத்தான் தருவேன். அவள் முன்னால், நான் பின்னால். நினைத்தாலே கை நடுங்குகிறது.

பின்னால் உட்காரும்போது நீ ஓட்டுபவளின் தோளைப் பிடித்ததே இல்லை. இரண்டு கைகளையும் உன் முழங்காலிலேயே அழுத்தி வைத்திருப்பாய். ஏனென்று இன்றுதான் புரிந்தது, அக்கா. நாளை நானும் அங்கேயே வைத்துக்கொள்வேன்.