ஐஃபல் மழையில் அப்பாவும் நானும் பூட்டிய சில்லு

இந்தச் செய்தியை எல்லோருக்கும் முன்னால் கேட்டிருக்க வேண்டிய என் அம்மாவுக்கு,

அப்பா கார்ப் பந்தயத்துக்கு வந்தார். ஓம் அம்மா, எங்கள் அப்பாதான். வந்தது மட்டுமில்லை. கொட்டும் மழையில், மடிப்புக் கலையாத காற்சட்டையோடு நிலத்தில் முழங்காலூன்றி, அறுபதுகளில் செய்த ஒரு பந்தயக் காரின் பின்சில்லை என்னோடு சேர்ந்து பூட்டினார். நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. பொறுங்கள், முதலில் இருந்து சொல்கிறேன்.

நான் மெக்கானிக்காகப் போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு வீட்டில் நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. பள்ளிக்கூடம் முடித்த பிள்ளை வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ தொழில் பழகுவாள், நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று அப்பா இருந்தார். நானோ ஒரு கார்ப் பட்டறையில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்ய இடம் கேட்டு வைத்திருந்தேன். "எண்ணெய்க் கையோட திரியிற பொம்பிளைப் பிள்ளையைப் பற்றிச் சனம் என்ன கதைக்கும்?" என்று கேட்டார் அப்பா. பாரிஸிலிருந்து உங்கள் தம்பி தொலைபேசியில் விழுந்து விழுந்து சிரித்தார்.

நீங்கள் யாரோடும் சண்டை பிடிக்கவில்லை. அடுத்த நாள் துப்புரவு வேலை முடிந்த கையோடு, அந்த நீல மேற்சட்டையைக்கூடக் கழற்றாமல், என்னையும் கூட்டிக்கொண்டு தொங்குரயில் ஏறிப் பட்டறைக்குப் போனீர்கள். பட்டறை முதலாளியின் முகத்தை நேரே பார்த்து, உங்களுக்குத் தெரிந்த ஜெர்மனில், "என் மகள் கெட்டிக்காரி. வைத்துப் பாருங்கள்" என்றீர்கள். நாங்கள் மைஸ்டர் என்று கூப்பிடும் அந்த மனிதர் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

நான் கடைசிப் பரீட்சை எழுதும் முன்பே புற்றுநோய் உங்களைக் கொண்டுபோய்விட்டது. பிறகு அந்த வுப்பர்டால் வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். அவர் உணவகத்துச் சமையலறைக்குப் போவார், நான் பட்டறைக்குப் போவேன். "சாப்பிட்டியா?" "ஓம்." "குளிருது, கதவைச் சாத்து." எங்கள் பேச்சு இந்த அளவில்தான் இருந்தது. என் வேலையைப் பற்றி அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. வெறுப்பில்லை அம்மா. எங்கே தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்ததா?

பழைய பந்தயக் கார்களைத் திருத்துவதில் எங்கள் பட்டறைக்கு நல்ல பெயர். அங்கே வருகிற கார்களில் ஒன்று டீட்டர் என்பவருடையது. ஓய்வுபெற்ற பல் வைத்தியர், மெல்லப் பேசுகிற மனிதர், கார் ஓட்டத் தொடங்கினால் வேறு ஆள். அவருடைய கார் பச்சை நிறம், சுருட்டுப்போல ஒடுங்கி நீண்டது. ஒருவர் மட்டும் படுத்தாற்போல உட்காரலாம். கூரை கிடையாது, இயந்திரம் முதுகுக்குப் பின்னால். போன குளிர்காலம் முழுவதும் மைஸ்டரும் நானும் அதை நட்டு நட்டாகக் கழற்றித் திரும்பப் பூட்டினோம். ஐஃபல் மலையிலுள்ள பந்தயத் தடத்தில் இப்படிப்பட்ட கிழட்டுக் கார்களுக்கென்றே கோடையில் ஒரு கிராண்ட் பிரி வைப்பார்கள். டீட்டர் அதில் ஓடத் தன் பெயரைக் கொடுத்திருந்தார்.

பந்தயம் நெருங்கிய நேரத்தில் மைஸ்டருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கட்டிலில் கிடந்தபடி, "கார் உன் பொறுப்பு, துஷி" என்றார். அன்றிரவு சாப்பாட்டு மேசையில், பட்டறையின் வான் வண்டியில் சாமான் ஏற்றி இறக்க ஒரு ஆள் இல்லையே என்று நான் எனக்குள் புலம்பியது அப்பாவுக்குக் கேட்டுவிட்டது.

"ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவுதானே. நான் வாறன்" என்றார், சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்காமல்.

அங்கே போய் இறங்கியதும், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயில் வீதியைச் சுற்றுவதுபோல அப்பா கார்களைச் சுற்றி வந்தார். எங்கள் பச்சைக் காருக்குக் கிட்ட வந்து நின்றார்.

"இதை நீயோ பூட்டினனி?"

"ஓம் அப்பா. மைஸ்டரும் நானும்."

"முழுக்கவோ?"

"முழுக்க."

அவர் குனிந்து, சில்லுகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் பார்த்தார். என் வேலையைப் பற்றிக் கேட்டாரே அம்மா!

பந்தயம் தொடங்கும்போதே மழை கொட்டியது. கார்கள் எல்லாம் ஒன்றாகப் பாய்ந்தன. நாங்கள் நின்ற இடத்திலிருந்து முதல் வளைவில் வெள்ளையாகத் தண்ணீர்ப் புகை மட்டும்தான் தெரிந்தது. இரைச்சல் திடீரென்று உடைந்தது. தகரப் பெட்டியைக் கல்லில் அடித்ததுபோல ஒரு சத்தம், அதன் மேல் இன்னொன்று. தடம் நெடுகச் சிவப்புக் கொடிகளை ஆட்டினார்கள். பந்தயத்தை நிறுத்திவிட்டார்கள்.

அப்பா என் முழங்கையைப் பிடித்தார். "எங்கட காரோ?"

அந்தக் காரில் நான் இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டும் கண்ணுக்கு முன்னால் வந்து போனது. எதையாவது விட்டுவிட்டேனா? என் கையால் ஒரு மனிதனுக்கு ஏதும் ஆகிவிட்டதா? அம்மா, நான் சாமியைக் கூப்பிடவில்லை. உங்களைத்தான் கூப்பிட்டேன்.

ஒலிபெருக்கி சொன்னது: இத்தாலியிலிருந்து வந்த ஒரு சிவப்புக் கார் வழுக்கிச் சுழன்று தடுப்புச் சுவரில் மோதிக் கவிழ்ந்துவிட்டது, ஓட்டுநர் உள்ளே சிக்கியிருக்கிறார். அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரு சத்தமில்லை. மழை மட்டும் பெய்தது. அந்த அமைதிக்குள்ளே எங்கள் பச்சைக் கார் நொண்டி நொண்டித் திரும்பி வந்தது. பின்பக்கத்து இடச்சில்லு உள்ளே சரிந்திருந்தது. டீட்டர் இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றினார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"நான் பிரேக் பிடித்தேன், பின்னால் வந்தவர் இடித்துவிட்டார். எனக்கு ஒன்றுமில்லை" என்றார். அப்பா ஓடிப்போய் வானிலிருந்த தேநீர்ப் போத்தலை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார்.

சிவப்புக் காரின் ஓட்டுநரை வெளியே எடுத்துவிட்டார்கள் என்று பிறகு அறிவித்தார்கள். கால் முறிந்திருக்கிறது, நினைவு இருக்கிறது. தூக்குப்படுக்கையில் கிடந்தபடியே அவர் கையை உயர்த்திக் காட்டினாராம். பார்வையாளர் மேடைகள் முழுவதும் கைதட்டின.

முதல் சுற்றே முடியாதபடியால், தடத்தைத் துப்புரவாக்கிவிட்டுப் பந்தயத்தைப் புதிதாகத் தொடங்குவோம் என்றார்கள். அடிபட்ட கார்கள் பரிசோதகரின் சம்மதம் பெற்றால் கடைசி வரிசையில் நிற்கலாம். டீட்டர் தலையை ஆட்டினார். "போதும் துஷி, காரை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவோம்."

நான் காருக்கடியில் தலையை விட்டுப் பார்த்தேன். சில்லைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருக்கும் நீளமான இரும்புத் தண்டு வாழைப்பழம்போல வளைந்திருந்தது. அது பொருந்துகிற இடத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அந்தத் தண்டு ஒன்றை மாற்றினால் கார் ஓடும். ஆனால் மாற்றுத் தண்டுக்கு எங்கே போவது? வளைந்ததை நிமிர்த்திப் பூட்டலாம்தான். நிமிர்த்திய தண்டை நம்பி ஒரு மனிதனை அந்த வேகத்தில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அந்த நேரம் ஒருவர் மழையில் நனைந்துகொண்டு வந்தார். எங்களை இடித்த ஆங்கிலேயக் காரின் மெக்கானிக், கொலின். டீட்டரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "எங்கள் காரின் மூக்கு நொறுங்கிவிட்டது, இன்றைக்கு ஓடாது. பின்பக்கம் நல்லாயிருக்கு. இரண்டும் ஒரே இனக் கார். வேண்டியதைக் கழற்றிக்கொள்."

நான் டீட்டரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். "உன்னால் முடியுமா?"

"முடியும்" என்றேன்.

கொலின் தன் காரிலிருந்து தண்டைக் கழற்றித் தந்தார். எங்கள் பக்கம்தான் மல்லுக்கட்டியது. வளைந்த தண்டைப் பிடித்திருந்த போல்ட் இறுகிப்போய், நான் தொங்கினாலும் அசையவில்லை. ஸ்பனரின் பிடியில் ஒரு நீளக் குழாயைக் கொளுவினேன்.

"அப்பா, இஞ்ச வாங்கோ! இதைப் பிடியுங்கோ. நான் சொல்லேக்க முழுப் பாரத்தையும் போடுங்கோ."

"உடைஞ்சா?"

"உடையாது. என்னை நம்புங்கோ."

அப்பா குழாயைப் பிடித்தார். கொதிக்கும் சட்டியைத் துணியில்லாமல் தூக்குகிற கைகள் அல்லவா? "இப்பவோ?"

"இப்ப! அமத்துங்கோ!"

'டக்' என்று ஒரு சத்தம். போல்ட் விட்டுக்கொடுத்தது, அப்பா சேற்றில் விழுந்தார். எழுந்து, பின்பக்கத்தைத் தட்டிக்கூடப் பார்க்காமல், "அடுத்தது என்ன?" என்றார். அம்மா, நீங்கள் அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

கொலின் தந்த தண்டைப் பூட்டினேன். சில்லு நேராக நிற்கிறதா என்று பார்க்கக் காரின் நீளத்துக்கு ஒரு நூலைப் பிடிக்க வேண்டும். முன் நுனியை அப்பாவிடம் கொடுத்தேன். நான் பின்னால் குனிந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன். "ஆடாதேங்கோ." "நான் ஆடேல்லை, காத்து ஆட்டுது." மழைத்தண்ணீர் அவருடைய மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. கை மட்டும் கல்லுப்போல நின்றது.

பரிசோதகர் வந்தார். உயரமான, கண்டிப்பான மனிதர். என்னைத் தாண்டி நேரே அப்பாவிடம் போனார். "நீங்கள்தானே மெக்கானிக்? என்ன மாற்றினீர்கள்?"

அப்பா நிமிர்ந்தார். சமையலறையில் பழகிய தன் ஜெர்மனில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நான் இல்லை. என் மகள். அவள்தான் மெக்கானிக். நான் அவளுக்கு உதவியாள்."

எனக்கு மழை போதாமல் கண்ணிலிருந்தும் வந்தது. துடைக்கக் கை சுத்தமில்லை, விட்டுவிட்டேன். பரிசோதகர் என்னிடம் திரும்பி மன்னிப்புக் கேட்டார். ஈரத்தில் படுத்து, சில்லை இரண்டு கையாலும் ஆட்டி, தண்டைத் தட்டி, ஒவ்வொரு நட்டாகத் தடவிப் பார்த்தார். எழும்பி ஒரே ஒரு சொல் சொன்னார்: "ஸௌபர்." சுத்தம் என்று அர்த்தம், நல்ல வேலையையும் அப்படித்தான் மெச்சுவார்கள். அப்பா எனக்கு மொழிபெயர்த்தே சொன்னார், எனக்கு ஜெர்மன் தெரியாததுபோல!

டீட்டர் கடைசி வரிசையிலிருந்து புறப்பட்டார். மழை விட்டிருந்தது, தடம் இன்னும் பளபளத்தது. முதல் சுற்றில் அவர் எங்களைத் தாண்டும்போது நான் சில்லை மட்டும் பார்த்தேன். நேராக நின்றது. அடுத்த சுற்றில் இரண்டு பேரை முந்தியிருந்தார். அதற்கடுத்த சுற்றில் இன்னும் இரண்டு. போன கோடையில் உலகக்கோப்பைப் பந்தாட்டத்துக்கு எங்கள் தெருவே கத்தியபோதும் அப்பா இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. அதே மனிதர் தடுப்புச் சுவரில் ஏறி நின்று, "விடாதை டீட்டர்! அமத்து! விடாதை!" என்று தமிழில் கத்தினார். பக்கத்தில் நின்ற கொலினுக்கு என்ன விளங்கியதோ, அவரும் "விடாதை!" என்று கத்தத் தொடங்கினார்.

கடைசிச் சுற்றில் எங்களுக்கு முன்னால், எங்கள் ரகக் கார்களுக்கான வகுப்பில் ஒரே ஒரு நீலக் கார்தான் மிச்சம். இறுதி வளைவில் இரண்டும் ஒன்றாகத் திரும்பின. என்னால் பார்க்க முடியவில்லை, கண்ணை மூடிவிட்டேன். அப்பா போட்ட கூச்சலில்தான் தெரிந்தது. எங்கள் வகுப்பில் முதலாவது அம்மா! கடைசியில் நின்ற கார் முதலாவது!

வெற்றி மேடைக்கு டீட்டர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கோப்பையை வாங்கியதும் அப்படியே என் கையில் வைத்தார். ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொன்னார்கள். துஷ்யந்தி என்ற பெயரை அவர்கள் படுத்திய பாடு இருக்கிறதே! கீழே பார்த்தால் அப்பா கைத்தொலைபேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறார். பாரிஸ் மாமாவை அழைத்திருக்கிறார். பிறகு காதில் வைத்து, "கேட்டதோ மச்சான்? என்ர பிள்ளையின்ர பேர். இண்டைக்கு நீ சிரிக்கத் தேவையில்லை, நான் சிரிக்கிறன்" என்றார்.

திரும்பி வரும் வழியில், நெடுஞ்சாலையில், காற்சட்டையில் காய்ந்த சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "உன்ர அம்மாவுக்கு அண்டைக்கே தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் பிந்திப்போச்சு." அவருக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் அம்மா?

இனிப் புதுச் செய்தி. போன கிழமை பட்டறைக்கு ஒரு தொலைபேசி வந்தது. அந்த இத்தாலிய ஓட்டுநர். கால் சுகப்பட்டு வருகிறதாம், ஊன்றுகோலோடு நடக்கிறாராம். நொறுங்கிய தன் சிவப்புக் காரை எங்களிடம் அனுப்புகிறார். டீட்டரின் காரை மழையில் பூட்டிய பிள்ளைதான் இதைத் தொட வேண்டும் என்று மைஸ்டரிடம் கேட்டிருக்கிறார். அப்பா சாப்பாட்டு மேசையில் இப்போது கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். சட்டம் நிமிருமா, இயந்திரம் தப்பியதா, தனக்கும் ஏதாவது வேலை இருக்குமா?

அவர் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். சட்டம் மூன்று இடத்தில் முறிந்திருக்கிறது, முன்பக்கம் இல்லவே இல்லை. பார்க்கிறவர்கள் பழைய இரும்பு என்பார்கள். ஆனால் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்தச் சிவப்புக் கார் அதே தடத்தில், அதே மனிதர் ஓட்ட, அந்த முதல் வளைவைக் கவிழாமல் நிமிர்ந்து கடக்கும். அதன் ஒவ்வொரு போல்ட்டையும் நானே இறுக்குவேன்.

அப்பாவின் மெக்கானிக்கும்
உங்கள் ஒரே மகளுமான
துஷி